எத்திராஜு மாமா ஏன் விழுந்தார்

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அம்மா கையில் நூல் வேலை வைத்திருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னாள். சத்தமாகப் படித்தேன். பாதி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. ராணிப்பேட்டையில் வீடு பார்த்துவிட்டாய், தண்ணீருக்குக் கஷ்டமில்லை, கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கொடுத்துவிட்டார்கள், உன்னோடு வேலை செய்கிறவர்கள் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதற்கப்புறம் வந்த நாலு வரியை நான் சத்தமாகப் படிக்கவில்லை. "இதெல்லாம் வாடகைக் கணக்கு, உனக்கெதுக்கு" என்று சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை தறியில் உட்கார்ந்திருந்தேன், ஒரு சாண்கூட நெய்யவில்லை. அந்த நாலு வரியை நீயே மறந்திருப்பாய், அதனால் திருப்பி எழுதுகிறேன். "எத்திராஜு மாமாவைக் கல்யாணத்தன்று முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டாம். நிச்சயதார்த்தத்தில் அவர் காலை இழுத்துக்கொண்டு தட்டு தூக்கி வந்ததைப் பார்த்துப் பெண்ணின் அப்பா, அவர் உங்களுக்கு என்ன உறவு, பிறவியிலேயே அப்படியா என்று கேட்டுவிட்டார். போட்டோவில் விழுந்தால் நன்றாக இருக்காது. கண்மண் தெரியாமல் சைக்கிள் ஓட்டி அவர் விழுந்ததற்கு நம் வீடு என்ன செய்ய முடியும்?"

நல்ல கேள்வி கேட்டாய். பாலிடெக்னிக் படிக்கவைத்தது வீண்போகவில்லை. முழுக்கைச் சட்டை போட்டு, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, ஒரு மனிதனை எந்த வரிசையில் உட்காரவைக்கலாம் என்று எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டாய். வந்தவாசி நிச்சயதார்த்தத்துக்கு அவன் பஸ்ஸில் எப்படி வந்தான் என்று உனக்குத் தெரியுமா? மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார இடமில்லாமல், ஆரணியிலிருந்து நின்றுகொண்டே வந்தான். தட்டு தூக்கச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை. "எம் புள்ள நிச்சயம்டா, நான் தூக்காம எவன் தூக்குவான்" என்று அவனாகவே பழத்தட்டை எடுத்துக்கொண்டான். நீ அப்போது சிரித்தாய். நான் பார்த்தேன். உள்ளுக்குள் இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே பஸ் ஏறி ராணிப்பேட்டைக்கு வந்து, உன் தொழிற்சாலை வாசலில் வைத்து உன்னை இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். ஏன் வரவில்லை என்றால், உன் கடைசி வரி என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. கண்மண் தெரியாமல் ஓட்டி விழுந்தான் என்று உனக்கு யார் சொன்னது? நான்தான் சொன்னேன். உனக்குச் சொன்னேன், உன் அம்மாவுக்குச் சொன்னேன், இந்தத் தெருவுக்கே சொன்னேன். நீ எழுதிய அசிங்கத்தில் பாதி என்னுடைய வாயிலிருந்து வந்தது. அதனால் உன்னைத் திட்டுவதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

எமர்ஜென்சி வந்த வருஷம் அது. நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். அமாவாசைக்கு நம் தெருவில் தறி ஓடாது என்பது உனக்குத் தெரியும். மற்றவர்கள் அன்றைக்குத் தூங்குவார்கள், சினிமாவுக்குப் போவார்கள். நாங்கள் ஆறு பேர் சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். சொந்த சைக்கிள் இருந்தது இரண்டே பேருக்குத்தான், மற்றவர்களுக்கு வாடகை சைக்கிள். படவேடு போயிருக்கிறோம், திருவண்ணாமலை போய்ச் சாமி பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பியிருக்கிறோம். மாதம் முழுக்க தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு, ஒருநாள் முகத்தில் காற்று அடித்தால் அதுவே போதும். ஜவ்வாது மலைக்குப் போகலாம் என்று ஆரம்பித்தவன் எதிர்வீட்டுக் கோவிந்தன். அவனுக்கு எப்போதும் வாய் பெரிது. "தரையில ஓட்டறது ஒரு ஓட்டமாடா? மலை ஏறணும்டா" என்றான். எத்திராஜு சிரித்துக்கொண்டே, "காலால மெதிக்கிறது நமக்கு இன்னா புதுசா? தறில மெதிக்கிறத ரோட்ல மெதிக்கப் போறோம்" என்றான். சொல்லுவதற்கு அவனுக்குத் தகுதி இருந்தது. அந்தத் தெருவிலேயே நல்ல கால் அவனுடைய கால்தான். அவன் மிதிகட்டையை மிதித்தால் அடுத்த வீட்டுக்குச் சத்தம் கேட்காது, அவ்வளவு ஒரே சீராக மிதிப்பான்.

விடியற்காலையில் ஆறு சைக்கிளும் கிளம்பின. போளூரில் டீ குடிக்கும்போது நன்றாக விடிந்திருந்தது. அத்திமூர் தாண்டி மலை அடிவாரத்துக்கு வந்ததும் எங்கள் வாயெல்லாம் அடங்கிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் நீலமாகச் சாதுவாகத் தெரிகிற மலை, கிட்டே போனால் எழுந்து நிற்கிறது. அப்போது ரோடு பாதி ஜல்லி, பாதி மண். முதல் வளைவு வரைக்கும் மிதித்தோம், இரண்டாவது வளைவில் இறங்கித் தள்ளினோம், அதற்கப்புறம் எங்கே மிதித்தோம், எங்கே தள்ளினோம் என்று எனக்கு நினைவில்லை. நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. தலையில் விறகுக் கட்டு வைத்துக்கொண்டு இறங்கி வந்த மலைக்காரப் பெண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "வண்டி உங்களச் சொமக்குதா, நீங்க வண்டியச் சொமக்கிறீங்களா?" என்று கேட்டாள். எத்திராஜு மட்டும் தள்ளாமல் போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொரு வளைவிலும் மேலே நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டுவான், நாங்கள் நெருங்கியதும் மறுபடி ஏறிப் போவான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே எனக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். மற்ற நாலு பேரும் "மெதுவா வாடா" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டார்கள். மேலே நின்று பார்த்த எத்திராஜு, தன் சைக்கிளை ஒரு பாறையில் சாய்த்துவிட்டு இறங்கி வந்தான். என் காலை நீவிவிட்டு, "எந்திரி, நீ சும்மா நடந்து வா, வண்டிய நான் தள்றேன்" என்றான். அவன் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாங்கள் மேலே போய்ச் சேருவதற்குள் அவன் சைக்கிள் பாறையிலிருந்து சரிந்து கீழே விழுந்து கிடந்தது. முன் பிரேக் கம்பியைச் சேர்த்துப் பிடிக்கிற போல்ட் எங்கேயோ தெறித்துவிட்டது. பின் பிரேக்குக்குக் கட்டை தேய்ந்து ஏற்கெனவே உயிர் இல்லை. வாடகை சைக்கிள் அப்படித்தான் இருக்கும். இதை எதற்கு விவரமாக எழுதுகிறேன் என்றால், அந்த போல்ட் போனதே எனக்காகத்தான். அவன் எனக்காகத் திரும்பி வராமல் மற்ற நாலு பேரைப் போலத் தன் பாட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கு உன் போட்டோவில் நேராக நின்றிருப்பான்.

மேலே ஒரு குடிசை இருந்தது. அதைச் சுற்றிக் கம்பி வேலி கட்டியிருந்தார்கள். கோவிந்தன், "அவங்களாண்ட ஒரு துண்டு கம்பி கேட்டு வாங்கிக் கட்டு" என்று சொன்னான். நான்தான் வேண்டாம் என்றேன். சோற்று மூட்டையைக் கட்டுவதற்கு நான் தறியில் மிஞ்சின பட்டு நூலை முறுக்கிக் கொண்டுவந்திருந்தேன். என் முடிச்சுக்கு அப்போது தெருவில் ஒரு பெயர் இருந்தது. யார் வீட்டில் இழை அறுந்து சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு. "கம்பி எதுக்குடா? எட்டு இழை முறுக்கிக் கட்டறேன், வண்டி உடைஞ்சாலும் முடிச்சு உடையாது" என்று சொல்லி, பிரேக் கம்பி இரண்டையும் சேர்த்துப் பட்டால் இறுக்கிக் கட்டினேன். பிடித்துப் பார்த்தோம், கட்டை ரிம்மில் நன்றாகப் பதிந்தது. எல்லாரும் பார்த்துத் தலையாட்டினார்கள். வேறு ஊர்க்காரன் எவனாவது கூட இருந்திருந்தால், நூலால் பிரேக் கட்டுகிறாயே, உனக்குப் பைத்தியமா என்று கேட்டிருப்பான். நாங்கள் ஆறு பேரும் பட்டுக்காரர்கள். ஒருத்தனுக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

ஜமுனாமரத்தூர் பக்கத்தில் புளிசோறு சாப்பிட்டோம். கீழே ஆவணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, மேலே குளிர் காற்று. சாமை வயல் பச்சையாக இருந்தது. எத்திராஜு மல்லாந்து படுத்துக்கொண்டு, "சரசாவ ஒருநாள் இங்க இட்டாரணும்டா. பஸ்ல இல்ல. பின்னாடி கேரியர்ல உக்காரவெச்சி நானே மெதிக்கணும்" என்றான். சரசா அத்தையை உனக்கு நன்றாக நினைவிருக்கும். அவன் அப்படிச் சொன்னதும் நாங்கள் கேலி செய்தோம். அவன் வெட்கப்படவே இல்லை. அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை.

இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலைமேல் மழை சொல்லிக்கொண்டு வராது. ஒரு பலா மரத்தடியில் ஒதுங்கினோம், மரமும் ஒழுகியது. சைக்கிள்களை மழையில் விட்டிருந்தோம். மழை விட்டதும் நான் போய் எத்திராஜுவின் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தேன். நூல் தொய்ந்திருந்தது. நீ தறிக்கு வராதவன், உனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஈரம் பட்டால் பட்டு நீளும். ஐப்பசி மழையில் தறியில் பாவு நூல் தொங்கிப்போய், வெயில் வரும்வரை நெய்ய முடியாமல் உட்கார்ந்திருப்போமே, அதே சங்கதிதான். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டவுடனே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பிரேக்கைப் பிடித்தேன், கட்டை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

அப்போது நான் செய்திருக்கக்கூடியது எத்தனையோ இருந்தது. அவிழ்த்து இறுக்கிக் கட்டியிருக்கலாம். ஈரம் காயட்டும் என்று சொல்லியிருக்கலாம். நடந்தே தள்ளிக்கொண்டு போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான். என் பின்னால் கோவிந்தன் நின்றுகொண்டிருந்தான். "இன்னாடா, முடிச்சு அவுந்துகினு போச்சா?" என்று கேட்டான், சிரித்துக்கொண்டு. எனக்குச் சுருக்கென்றது. "அவுர்றதா? அது என் முடிச்சுடா" என்றேன். எத்திராஜு சைக்கிளைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "புடிக்குமாடா?" என்று கேட்டான். "புடிக்கும். நீ ஏறு" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். மீதியை நீ கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறாய். மூன்றாவது வளைவுக்கு முன்னால் அவன் என்னைத் தாண்டிப் போனான். கூச்சல் போடவில்லை. இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டு போனான், கற்கள் தெறித்தன. பின்னால் வந்த கோவிந்தன், "பார்ரா இவன, கண்ணு மண்ணு தெரியாம போறான்" என்றான். வளைவில் அவன் திரும்பவில்லை. நேராகப் போய்க் கற்குவியலில் மோதிப் பள்ளத்தில் விழுந்தான். முதலில் அங்கே போய்ச் சேர்ந்தவன் நான். அடுத்ததை எழுதுவதற்குத்தான் எனக்கு இந்தப் பதின்மூன்று வருஷம் தேவைப்பட்டது. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். நான் முதலில் தொட்டது அவனை இல்லை. சைக்கிளைத் தொட்டேன். பிரேக்கில் கட்டியிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம்தான் அவனைத் தூக்கினேன்.

மலைக்காரர்கள் நாலு பேர் கம்பளியில் கழி கட்டி டோலி மாதிரி செய்து அவனை அடிவாரம் வரை சுமந்து வந்தார்கள். யாரென்றே தெரியாத எங்களுக்காக மழைச் சேற்றில் வெறுங்காலோடு சுமந்தார்கள். ஒரு டம்ளர் டீகூட வாங்கிக்கொள்ளவில்லை. கீழே ஒரு புளி லாரி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட மூன்றாவது நாள் நான் மட்டும் அவன் பக்கத்தில் இருந்தேன். அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "ஏன்டா, பிரேக் புடிச்சேன்டா. நல்லா அழுத்திப் புடிச்சேன். மழையில நூலு தொய்ஞ்சிருக்குமா?" நான் யோசிக்கவே இல்லை. "இல்லடா. மழை வுட்டதும் நானே தொட்டுப் பாத்தேன். வெறப்பாத்தான் இருந்திச்சி. முடிச்சும் அவுரல. மோதினதுல அறுந்துச்சி" என்றேன். அவன், "அப்ப நான்தான் பயத்துல சரியாப் புடிக்கல போல" என்றான். நான் "இருக்கும்" என்றேன். அவன் வேகத்தைப் பற்றிக் கோவிந்தன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான், நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

முழங்கால் மடங்காமல் போனவன் தறிக்குழியில் இறங்க முடியாது. காலால் மிதிக்காமல் நெய்வது எப்படி? அவ்வளவு நல்ல நெசவுக்காரன் அன்றோடு தறியை விட்டான். நம் வீட்டு நடையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, குச்சியில் நூல் ஏற்றி எனக்குத் தார் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தான். இங்கே பெண்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை அது. நான் நெய்வதற்கு அவன் நூல் சுற்றுகிறான், இதைத்தான் நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். ஊர் என்னைப் பற்றி என்ன பேசியது தெரியுமா? கூட்டாளிக்குச் சோறு போடுகிறான், எவ்வளவு பெரிய மனசு என்று பேசியது. அதை நான் கேட்டுக்கொண்டேன். கோயிலில் தர்மகர்த்தா ஒருமுறை என் தோளில் தட்டிச் சொன்னபோது தலை குனிந்து சிரித்தேன், அடக்கமாக இருப்பது போல. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அவன் காலை வாங்கிய நானே அவனுக்குப் படியளக்கிறவன் ஆகிவிட்டேன்.

சரசாவை நினைத்துப் பார். புருஷன் தறியை விட்டதும் அவள் நாலு வீட்டுக்கு நூல் இழைக்கப் போனாள். போகும்போதும் வரும்போதும் அவனைத் திட்டிக்கொண்டே போவாள். "நிதானமா வந்திருந்தா எனக்கு இந்தப் பேஜார் உண்டா? பெரிய ராஜாவாட்டம் மலைமேலேர்ந்து பறந்துகினு வந்தாரு" என்று நம் வாசலில் நின்று கத்துவாள். அவன் தார் சுற்றிக்கொண்டே, "ஆமா, எம் புத்தி அப்படி" என்பான். உள்ளே தறியில் நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எத்தனை தடவை எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம் என்று எண்ணினால் எண்ணி முடியாது. போன தை மாதம் அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். நீ லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை.

இப்போது உனக்குப் புரிகிறதா, நம் வீடு என்ன செய்யும் என்று நீ கேட்டதற்குப் பதில்? செய்ததே நம் வீடுதான். பெண்ணின் அப்பா கேட்டால் அப்படியே சொல், பிறவியில் வந்தது இல்லை, எங்கப்பா வாங்கிக் கொடுத்தது என்று. உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. உன் பெண்டாட்டி எதையாவது நம்பி உன் கையைப் பார்த்து, இது பிடிக்குமா, இது நிற்குமா என்று கேட்பாள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். கூட இருப்பவன் சிரிப்பான் என்று பயந்து பிடிக்கும் என்று சொல்லாதே. தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே வாயைத் திற. மறுநாள் சொல்வது முதல் நாளைவிடக் கஷ்டம், ஒரு வருஷம் போனால் அது உன் வீட்டில் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிடும். இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேள். நீ என் மகன், எனக்கு இருக்கிற அதே வியாதி உனக்கும் வந்திருக்கிறது. நான் ஒருத்தன் சிரிப்புக்குப் பயந்தேன், நீ ஒரு மாமனார் கேள்விக்குப் பயப்படுகிறாய். பயந்தவர்கள் நாம் இரண்டு பேர், காலை இழுத்துக்கொண்டு நடப்பவன் அவன்.

இதுவரை எழுதியது புதன்கிழமை. இதைத் தபாலில் போடப் போனேன், பெட்டி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அவனுக்குத் தெரியாததை உனக்கு முதலில் சொல்வது இன்னொரு திருட்டு என்று பட்டது. நேற்று மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். "இன்னாடா இந்த நேரத்துல, தார் தீந்துபோச்சா?" என்றான். உட்காரச் சொன்னான். உன் நாலு வரியை முதலில் படித்தேன். அவன் சிரித்தான். "சின்னப் பையன், மாமனார் வூட்டுக்குப் பயப்படறான். உடு, நான் பின்னாடி பந்தியில நின்னுகினு எல பாத்துக்கறேன்" என்றான். உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் நான் எழுதியதைப் படித்தேன். மழை விட்ட இடம் வந்ததும் அவன் சிரிப்பு போய்விட்டது. நான் நிமிர்ந்து பார்க்காமல் கடைசி வரை படித்து முடித்தேன்.

"ஆஸ்பத்திரில கேட்டனேடா" என்றான்.

"கேட்ட."

"வெறப்பா இருந்திச்சின்னு சொன்னியே."

"சொன்னேன்."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான், கால் இடம் கொடுக்கவில்லை. நான் கை கொடுக்கப் போனேன். "தொடாத" என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு அவனாகவே எழுந்து நின்றான். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. சத்தம் போடவில்லை. "காலு போனது போவட்டும்டா. மழையில எவன் வேணா விழுவான். நீ கட்டும்போது நானும் பாத்துகினுதான இருந்தேன், நானும் பட்டுக்காரன்தான, எனக்கும்தான் தோணல. அதுக்கு உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். ராத்திரி பகலு நான் யோசிச்சிகினே இருந்தேன்டா, எந்த வெரலு புடிக்கலன்னு. இந்தக் கையப் பாத்துகினே இருந்தேன்." கையை நீட்டிக் காட்டினான். நாளையிலிருந்து தார் சுற்ற வரமாட்டேன் என்றான். கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்றான்.

ஆக, நீ எழுதியது நடந்துவிட்டது. முன்வரிசையிலும் இல்லை, பின்வரிசையிலும் இல்லை. உன் அம்மாவிடம் நேற்றே எல்லாவற்றையும் சொன்னேன். சோறு போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள், இன்னும் பேசவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்பி வா. லீவு இல்லை என்று எழுதாதே. நம் வீட்டுக்கு வராமல் நேராக அவன் வீட்டுக்குப் போ. பத்திரிகையை நீ உன் கையால் கொடு, நீ எழுதியதை உன் வாயால் சொல்லி மன்னிப்புக் கேள். கூப்பிடுகிற உரிமை உனக்கு இன்னும் மிச்சமிருக்கிறது, எனக்கு இல்லை. அவன் வருவான் என்று நான் சொல்லவில்லை. தெரியாது. வராவிட்டாலும் நீ போய்க் கேட்டாய் என்பதாவது இருக்கட்டும்.

நான் கிளம்பி வாசல்படி இறங்கும்போது அவன் உள்ளேயிருந்து கூப்பிட்டான். திரும்பி நின்றேன். "சாவற வரைக்கும் என்னை ஏசிகினே இருந்தாளே சரசா. நானும் ஆமா ஆமான்னு கேட்டுகினு இருந்தேனே. இப்ப அவகிட்ட யார்ரா போயி சொல்றது?" என்று கேட்டான். அவன் பதிலுக்காகத்தான் நின்றான். எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்று சொன்னேன்.

அப்பா